அலமாரிக்குள் போன வெந்நீர்

ச்சூ ஜென்ஹாய் கவாகுச்சியில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். டாலியனில் பிறந்து, இருபத்தொரு வருடமாக ஜப்பானில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடி. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நானும் சீனாவிலிருந்து வந்தவன்தான். தபால் பெட்டியில் அரசாங்க உறை கிடந்தால் பிரிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். ஆகவே அவர் ஜப்பானியக் குடியுரிமைக்கு மனுப் போட்டதில் அவரைவிட எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

ஜனவரியில் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பாராம்.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஜப்பான்காரன் வீடு மாதிரியே இருக்கணும்" என்றார் அண்ணன்.

"மனுவுலயே பொறந்த ஊரு எழுதியிருக்கீங்களேண்ணே."

"எழுதினது வேற, கண்ணால பாக்குறது வேற."

அதிர்ஷ்டத்துக்காகக் கதவில் தலைகீழாக ஒட்டியிருந்த சீன எழுத்துச் சிவப்புத் தாளை உரித்தார். மாஜோங் ஆட்டக் காய்ப் பெட்டி, கறுப்பு வினிகர், ஊறுகாய் ஜாடி எல்லாம் படுக்கையறை அலமாரிக்குள் போயின. கடைசியில் வெந்நீர் பிளாஸ்க் மூன்றையும் தூக்கினார். அவர் மனைவி மியாவ் ஃபாங் குறுக்கே நின்றாள்.

"பிளாஸ்க் என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

"பனி கொட்டுறப்பவும் ஐஸ் தண்ணி குடிக்கிறவங்க இவங்க. வெயில்லயும் வெந்நீர் குடிக்கிறவங்க நாம. மூணு பிளாஸ்க்கப் பாத்தா ஒரு நொடியில நம்ம ஊரு தெரிஞ்சுபோயிடும்."

"நீ வாயத் தொறந்தா அரை நொடி போதுமே."

ஐஸ் தண்ணீர் குடிக்க அவர் இரண்டு மாதமாகப் பழகி வந்தார். ஒவ்வொரு டம்ளருக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவார். "இவருக்குக் குடியுரிமை கெடைச்சாலும் கெடைக்கும், இவரு வயித்துக்குக் கெடைக்காது" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள் மியாவ் ஃபாங்.

செவ்வாயன்று உபுகாதா என்ற அதிகாரி பத்து மணி அடிக்கும்போது மணியை அழுத்தினார். கீழ்வீட்டுச் சாட்சியாக நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தட்டில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, தன் டம்ளரை அவர் கண்முன்னே ஒரே மூச்சில் காலி செய்தார். முகம் மட்டும் கோணிக்கொண்டது.

உபுகாதா தன் டம்ளரைத் தொடவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. நேத்துலேர்ந்து வயிறு சரியில்ல, மாத்திரை போடணும். கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா?"

அந்த வீட்டில் கேட்ட நிமிஷத்தில் வெந்நீர் கிடைக்காத ஒரே நாள் அதுதான். அவசரத்தில் கெட்டிலும் அலமாரிக்குள் போயிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மியாவ் ஃபாங் மட்டும் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆலங்கட்டி மழை போல மாஜோங் காய்கள் கொட்டி, கூடம்வரை உருண்டு வந்தன. பின்னாலேயே வினிகர் வாசனை. அதற்கும் பின்னால் பிளாஸ்க்கோடு அவள்.

உபுகாதா மாத்திரையை விழுங்கினார். இன்னொரு கப் வாங்கிக் குடித்தார். காலருகே கிடந்த காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பூக் காயா? ஜப்பான்ல நாங்க இத வச்சு ஆடுறதில்லையே."

"இனிமே நானும் ஆட மாட்டேன் சார்" என்றார் அண்ணன் அவசரமாக.

"மனுவுல அதெல்லாம் கேக்கலையே."

உபுகாதா பிளாஸ்க்கைச் சாய்த்து மூன்றாவது கப்பைத் தானே ஊற்றிக்கொண்டார்.

ஜூனில் குடியுரிமை வந்துவிட்டது. கொண்டாட நூடுல்ஸ் கடைக்குப் போனோம். வெளியே வெயில் கொளுத்தியது. பணிப்பெண் வழக்கம்போல ஐஸ் தண்ணீர் வைத்தாள். அண்ணன் டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு வெந்நீர் கேட்டார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாம்மா இருக்கேன். இனிமே யாரும் என் வீட்டுக்கு வந்து சோதிச்சுப் பாக்க மாட்டாங்க."

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். குடியுரிமைக்கு நான் போட்ட மனு இன்னும் அதிகாரி மேஜையில்தான் கிடந்தது. நான் ஐஸ் தண்ணீரைக் குடித்துவைத்தேன்.