ஏலக்காவின் அடக்கம்

பழைய சாமான் ஏலக்கூடத்தில் மரப்பெட்டி மேல் ஏறி நின்று சுத்தியல் தட்டுகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளக் காசோலை எழுதுகிறபோது முதலாளிக்கு மட்டும் அது ஞாபகம் வரும். மற்ற எல்லாருக்கும் அவள் ஏலக்கா. ஏலம் விடுகிற அக்கா என்பது சுருங்கிச் சுருங்கி அப்படி ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர் யாராவது, "ஏலக்காவா? வாசனைக்குப் போடுறதா?" என்று கேட்டால், "மென்னு பாருங்க, பல்லு மிஞ்சாது" என்பாள்.

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் எதிர்ச்சுவரோரம் அடுக்கியிருக்கும் பீங்கான் தட்டுகள் கிணுகிணுக்கும் என்று சுமை தூக்குகிறவர்கள் சத்தியம் செய்வார்கள். கால் உடைந்த நாற்காலியைத் தூக்கிக் காட்டி, "நாலுல மூணு கால் இருக்கு, மிச்சத்துக்கு நீங்க பக்கத்துல நின்னுக்கலாம்" என்று விற்றுவிடுவாள். ஏமாந்தவரே சிரித்துக்கொண்டு தூக்கிப் போவார். கூடத்தின் பின்கட்டில் மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவர், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவளைக் கட்டிக்கொண்டார்.

அவருடைய அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. மாமியார் அடக்கத்துக்குப் பேர்போனவர். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவோரமாக உட்காருவார். ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். பேச்சு களைகட்டுகிற நேரத்தில் பூனை மாதிரி எழுந்து கிளம்பிவிடுவார். சிரிப்பென்றால் உதட்டோடு சரி. "பொம்பளையா பொறந்தா கொஞ்சம் அடக்கம் வேணும்மா" என்று மருமகளிடம் அவர் சொல்லாத நாள் கிடையாது. "இருக்கு அத்தை, வீட்டுல பத்திரமா வச்சுட்டு வந்துட்டேன்" என்பாள் இவள்.

பிறகு குழந்தை பிறந்தது. அதுவும் அம்மாவைப் போலவே ஆர்ப்பாட்டமாக, பெரிய தலையும் பெரிய அவசரமுமாக வந்தது. வந்த வேகத்தில் கிழிந்தது. கிழிசல் முன்னால் நிற்காமல், ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிற வளையத் தசையையும் அறுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டது. அறுவை அறைக்குக் கொண்டுபோய் நிதானமாகத் தைத்தார்கள். "நல்லா சேர்த்துத் தைச்சிருக்கோம். ஏதாவது வித்தியாசமா இருந்தா கூச்சப்படாம வந்து சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

வித்தியாசம் இருந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. கூடம் நிறைந்த ஆட்களைக் கட்டி மேய்க்கிற அதே வாய்தான். காற்று அவளைக் கேட்காமல் போனது. மலம் வரப்போகிறது என்று உடம்பு சொல்வதற்கும், அது வந்தே விடுவதற்கும் நடுவில், படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போகிற அவகாசம்கூட இருக்கவில்லை. தும்மினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால், உள்ளாடையில் கறை. வயிறு குலுங்கிச் சிரித்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே சிரிப்பதை நிறுத்தினாள். விருந்தாளிகள் குழந்தையைப் பார்க்க வந்தால் கதவோரமாக, காலோடு கால் சேர்த்து உட்கார்ந்தாள். மெல்லப் பேசினாள். மெல்ல எழுந்தாள். தேநீரை விட்டாள். உள்ளாடைகளை யாரும் பார்க்கும் முன்னால் தானே அலசிப் போட்டாள்.

மாமியார் பூரித்துப்போனார். அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவிடம் சுவர் தாண்டிக் கேட்கும்படியே சொன்னார்: "ஒரு புள்ளை பெத்ததும் எப்படி மாறிட்டா பாருங்க! அவ இருக்கிற இடமே தெரியல. அவ்வளவு அடக்கம்!"

பாலிஷ்காரருக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. அவர் சொல்கிற மொக்கை ஜோக்குக்கெல்லாம் வீடு அதிரச் சிரித்தவள், இப்போது பாதி ஜோக்கிலேயே "அப்புறம் சொல்லுங்க" என்று எழுந்து போனாள். தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, என்ன கோபம் என்று தெரியாமலேயே அவர் அடிக்கடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்தில் முதலாளி விசாரித்தார். "ஏலக்கா எப்படிப்பா இருக்கா?"

"இப்பல்லாம் ஒரே அடக்கம் முதலாளி."

பக்கத்தில் பீரோ தூக்கிக்கொண்டிருந்த பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பீரோவை அப்படியே கீழே வைத்துவிட்டு, "அடக்கமா? அடப்பாவமே! எத்தனை மணிக்கு எடுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாகாதவள் வேலைக்கும் வராமல் இருந்தால் எப்படி? பெட்டி மேல் இப்போது கணக்கர் நின்றார். நல்ல மனிதர், ஆனால் ஏலத்தையும் கணக்கு வாசிப்பது போலவே வாசிப்பார். வாங்க வந்தவர்கள், விற்பனைக்கு வைத்த சோபாவிலேயே தலை சாய்த்துக் குறட்டை விட்டார்கள். "மூடின ஓட்டல் ஒண்ணோட மொத்தச் சாமானும் மூணு மாசத்துல வருது" என்று முதலாளி சொல்லி அனுப்பினார். "கட்டில், கண்ணாடி, கமோடு வரைக்கும். அந்த ஏலத்துக்கு அவ வந்தா பெட்டி அவளோடது. வரலன்னா கணக்கருக்கே எழுதிக் கொடுத்துட வேண்டியதுதான். எத்தனை நாள்தான் சனங்களைத் தூங்க வச்சு வியாபாரம் பண்றது?"

பாலிஷ்காரர் வீட்டுக்கு வந்து, கையில் பாலிஷ் துணி இருப்பதையும் மறந்து இதைச் சொன்னார். ஏலக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியைத் தவிர அவளுக்கு வேறு மேடை கிடையாது. அதில் ஏறினால் ஏலம் முடிகிறவரை இறங்க முடியாது. அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மாமியார் முந்திக்கொண்டார். "அவ எதுக்குடா மறுபடி அங்க போய்க் கத்தணும்? இப்பதான் அடக்க ஒடுக்கமா இருக்கா."

ஏலக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அடக்கமா? அத்தை, அடக்க முடியலன்னுதான் நான் அடக்கமா இருக்கேன்!"

குழந்தை திடுக்கிட்டு ஏப்பம் விட்டது. பிறகு எல்லாம் வந்தது: தையல், காற்று, கறை, கதவோரம். சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகையும் வந்தது. பாலிஷ்காரர் பாலிஷ் துணியால் அவள் கண்ணைத் துடைக்கப் போனார். மாமியார் அதைப் பிடுங்கி, "நீ போய் ரொட்டி வாங்கிட்டு வா" என்றார்.

"ரொட்டி இருக்கேம்மா."

"இன்னொண்ணு வாங்கிட்டு வா."

அவர் போனதும் மாமியார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"போற இடத்துல தண்ணி குடிக்கப் பயமா இருக்கா?"

"ஆமா அத்தை."

"சிரிப்பு வந்தா நாக்கைக் கடிச்சுக்கிறியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாமியார் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உன் புருஷனுக்கும் தலை பெரிசு" என்றார்.

ஏலக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், இத்தனை வருஷம் ஊரே மெச்சிய அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்து புரிந்தது. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு கிளம்பியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே மாமியாரும் கடித்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பரிசோதித்து, தையல் பிரியவில்லை, தசைதான் வேலையை மறந்து கிடக்கிறது என்று சொல்லி, தசைப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பெண்ணிடம் அனுப்பினார். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு திரை. விரல் பருமனில் ஒரு கருவியை உள்ளே வைத்துக்கொண்டு இறுக்கினால், திரையில் ஒரு கோடு மேலே ஏற வேண்டும்.

"காற்று வெளிய போகாமத் தடுக்கிற மாதிரி இறுக்குங்க" என்றாள் பிசியோ.

ஏலக்கா மூச்சைப் பிடித்தாள். முகம் சிவந்தது, புருவம் நெரிந்தது, கால் கட்டைவிரல்கள் மடங்கின. கோடு மட்டும் படுத்தே கிடந்தது.

"புருவத்தை விடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மூச்சு தாராளமா போய் வரட்டும்." பிசியோ திரும்பி, நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள். "அம்மா, நீங்களும் மூச்சைப் பிடிக்காதீங்க."

"நான் சும்மா துணைக்கு வந்தேன்" என்றார் மாமியார், மூச்சை விட்டுக்கொண்டே. அடுத்த முறை அவருக்கும் சீட்டு போட்டார்கள். அந்த வயதிலும் ஓரளவு தேறும் என்று பிசியோ சொன்னது அவருக்குப் பெரிய ஆச்சரியம். இதைக் கேட்கலாம் என்பதே அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

கோடு ஏற ஆரம்பித்த பிறகு வேறொரு சிக்கல். ஏறின கோடு இறங்கவில்லை. பயத்தில் நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருந்து பழகியதில், ஏலக்காவுக்குத் தளர்த்தத் தெரியவில்லை. "சும்மா இறுக்கியே வச்சிருந்தா தசை சோர்ந்துபோகும். அவசரத்துக்கு உதவாது" என்றாள் பிசியோ. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஏலம் விடுறேன்."

"ஏலம் விடுறீங்க, இதை மட்டும் விட மாட்டேங்கிறீங்களே!"

அதற்கப்புறம்தான் வழி பிறந்தது. ஒரு தரம் என்று இறுக்கி, ரெண்டு தரம் என்று பிடித்து நிறுத்தி, மூணு தரம் என்றதும் சரக்கு கைமாறின மாதிரி முழுசாக விட்டாள். கோடு ஜம்மென்று ஏறி இறங்கியது.

வீட்டில் ஏலம் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் மருமகள் "ஒரு தரம்..." என்பாள், மாமியார் "ரெண்டு தரம்..." என்பார், இருவரும் சுவரை வெறித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பாலிஷ்காரர் உப்பு கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். கழிவறையில் கால் வைத்துக்கொள்ள முக்காலி வேண்டும் என்றதும், அவர் தன்னால் ஆனதென்று ஒரு முக்காலிக்குக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுத்தார். அம்மா கால் வழுக்கி, "என்னைக் கொல்லப் பாக்குறியாடா?" என்று உள்ளிருந்து கத்தினதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்.

நேர்கோடாக ஒன்றும் தேறிவிடவில்லை. நல்லபடியாக ஒரு வாரம் போன தைரியத்தில் கடைக்குக் கிளம்பிய ஏலக்கா, பாதி வழியில் சுவரோரம் நின்று, அழுதுகொண்டு திரும்பி வந்தாள். "பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். மாமியார் வெந்நீர் எடுத்து வைத்தார். "பாதி வழி வரைக்கும் போனியா? போன மாசம் வாசப்படி தாண்டலயேடி" என்றார். அழுதுகொண்டே ஏலக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மைதான்.

அந்தக் கடைக்கு அதற்கப்புறம் தினமும் நடந்தாள். தும்மல் வரும் முன்னால் இறுக்கக் கற்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தாமல், மூச்சோடு சேர்த்துக் குரலை வெளியே அனுப்பக் கற்றாள். இதில் குரல் இன்னும் பெரிசாகிவிட்டது. தையல்காரம்மா ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார்.

ஓட்டல் சாமான் வந்த அன்று கூடம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது வரிசையில், விற்பனைக்கான நீல சோபாவில், மடியில் மாற்றுத்துணிப் பையோடு மாமியார். எந்தக் கூட்டத்திலும் நடுவில் உட்காராதவர். ஏலக்கா கருப்புப் பாவாடையில் பெட்டி மேல் ஏறினாள். ஒரு தரம், ரெண்டு தரம் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். கட்டில்கள் போயின. கண்ணாடிகள் போயின. அடுத்ததாக, வெள்ளை வெளேரென்று ஒரு வரிசைக் கமோடுகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியிலேயே நிறுத்தினார்கள்.

"இத்தனை நாளா தேடினேன், இப்ப வந்து நிக்குது பாரு" என்று முணுமுணுத்தாள். சத்தமாக, "உறுதியான சாமான்! எத்தனையோ பெரிய மனுசங்களைத் தாங்கினது!" என்றாள்.

பின்வரிசையிலிருந்து லாட்ஜ் நடத்துகிறவர் எழுந்து கமோடு பக்கமாக வந்தார். "ஏலக்கா, உட்கார்ந்து பார்த்துட்டு வாங்கலாமா?"

"தாராளமா உட்காருங்க. எழுந்திரிக்கும்போது உள்ள ஒண்ணும் இருக்கக்கூடாது. இருந்தா அதையும் சேர்த்து நீங்கதான் எடுத்துட்டுப் போகணும்!"

கூடம் வெடித்தது. லாட்ஜ்காரர் மானம் போய் உட்கார்ந்தார், அதுவும் கமோடு மேலேயே. அதைப் பார்த்ததும் ஏலக்காவின் அடிவயிற்றில் அந்தப் பழைய சிரிப்பு கிளம்பியது. கிளம்புவது தெரிந்தது. முதலில் இறுக்கினாள், பிறகு சிரித்தாள். தட்டுகள் கிணுகிணுத்தன. சிரித்து முடித்து, உள்ளுக்குள் மெல்ல விசாரித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

சந்தோஷத்தில் இன்னொரு முறை சிரித்துவிட்டுச் சுத்தியலை ஓங்கித் தட்டியபோது மட்டும், பின்னால் சின்னதாக ஒரு சத்தம். காற்றுதான். "அந்த சோபாவை மெதுவா இழுங்கப்பா!" என்று அதட்டினாள். காது மந்தமான பெரியவர் வெறுங்கையோடு நின்று, இழுக்காத சோபாவுக்கு மன்னிப்புக் கேட்டார்.

தேநீர் இடைவேளையில் முதலாளி, "பெட்டி உன்னோடதும்மா, உனக்கில்லாம யாருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்கர் பெருமூச்சோடு தன் மேசைக்குத் திரும்பினார். அவருக்கும் நிம்மதிதான்.

மாமியார் இரண்டு கப்போடு வந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணெல்லாம் ஈரம். "போச்சு. இருந்த அடக்கமும் போச்சுடி" என்றார்.

"இல்ல அத்தை, வந்துடுச்சு."

மாமியார் முகம் வெளுத்தது. தேநீரைக் கமோடு மூடி மேல் வைத்துவிட்டு, பையைத் திறந்தார். "ஐயையோ, எப்போ? நிறையவா? இந்தா, இதைச் சுத்திக்கோ..."

"அடக்கம் வந்துடுச்சுன்னு சொன்னேன் அத்தை!"

"அதை முதல்ல சொல்லேண்டி" என்று பையை மூடினார் மாமியார். பிறகு தேநீரை எடுத்து, வெளியிடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்தறியாதவர், ஆற அமர முழுவதும் குடித்தார். ஏலக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?" என்றார் மாமியார். "கழிவறை எங்கன்னு கேட்டு வச்சிருக்கேன். உன் பெட்டிக்குப் பின்னால, இடது பக்கம்."