பனிமேல் ஓய்வு

கடல்நாயின் முதுகில் ஒட்டிய கருவி, அது மூழ்கும் ஆழத்தைக் கோடாகக் காட்டும். ஆய்வுகூடத்தில் அதைப் பார்ப்பதுதான் என் வேலை. குளிர்காலம் முழுக்க ஏறி இறங்கிய கோடு, வசந்தத்தில் ஒருநாள் அசையாமல் கிடந்தது. கருவி பழுதென்று பதறிப் போய்ச் சொன்னேன். பேராசிரியர் சிரித்தார். மயிர் உதிரும் காலமாம். பனிமேல் படுத்து வெயில் காய்கிறதாம்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த அக்கா சோபாவில் சாய்ந்தவள் எழும்பவேயில்லை. ஜான்-டலோன் சந்தையில் குளிரிலும் மரக்கறிப் பெட்டி தூக்கி என்னைப் படிக்கவைத்தவள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

கண் திறக்காமலே கேட்டாள்: "தேத்தண்ணி ஊத்தட்டே?"

"நீங்கள் படுங்கோ அக்கா, நான் ஊத்துறன்."

போகும்போது திரையை விலக்கி, வெயிலை அவள் கால்களில் விழவிட்டேன்.