சோப்பு வாங்கி மாற்றிய பவுண்

போன கிழமை பிளாக்டவுனில் அரிசி வாங்கப் போனவன், ஒலிவ் எண்ணெய்ச் சோப்பின் மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். "அங்கிள், ஆர் யூ ஓகே?" என்றாள் கல்லாவில் நின்ற பிள்ளை. ஓம் என்று தலையாட்டினேன். சைப்பிரசை அவளுக்கு எங்கே தொடங்கிச் சொல்வது?

நானும் சிவம் அண்ணையும் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினோம். இருவருக்கும் விசா முடிந்து கனகாலம். அண்ணையின் மனைவியும் சின்ன மகளும் வன்னியில். அவர்களை வெளியே எடுக்க, ஆள் எடுக்கும் ஒருவரிடம் பேசி வைத்திருந்தார். அதற்குச் சேர்த்த சைப்பிரஸ் பவுண் தாள்கள் மெத்தைக்கு அடியில். நாங்களோ வங்கிப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாத ஆட்கள்.

அப்போதுதான் அந்த நாடு பவுணைக் கைவிட்டு ஈரோவுக்கு மாறியது. ஒரு மாதம் கடைகள் இரண்டையும் எடுக்கும், மிச்சத்தை ஈரோவில் தரும். பிறகு வங்கிதான் மாற்றித் தரும். முதலாளியிடம் கொடுத்து மாற்றுவோம் என்றேன்.

"சம்பளமே ஒழுங்காத் தாறானில்லை, இதைத் தருவானோ?"

அண்ணையே வழி கண்டுபிடித்தார். கடை கடையாக ஏறி ஒரு தாளை நீட்டி ஒரு சோப்பு, மிச்சம் ஈரோ. சோப்பு மலிவு, பழுதாகாது. கணக்கில் மகா கெட்டிக்காரனான நான், ஒருநாள் மிச்சத்தை வாங்காமலே சோப்போடு வந்து நல்ல ஏச்சு வாங்கினேன். கட்டிலுக்குக் கீழே, கதிரையில், யன்னலில் எல்லாம் சோப்பு. அறை வாசலிலேயே மணக்கும். சிரிப்பாகத்தான் இருந்தது.

மாதம் முடிந்தபோது பெரிய தாள்கள் மிஞ்சிவிட்டன. ஒரு சோப்புக்காக அவற்றை உடைக்க எந்தக் கடைக்காரரும் சம்மதிக்கவில்லை. வன்னியில் சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆள் எடுப்பவருக்கோ முழுக் காசும் வேண்டுமாம்.

"வங்கியில பாஸ்போட் கேக்கமாட்டினமாம். போட்டு வாறன்" என்று சவரம் செய்து, என்னுடைய நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். கேட்டார்கள். பொலிஸ் வந்தது. அந்தச் சேட்டோடேயே அவரைக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள்.

இருந்த ஈரோவை நான் தெரிந்த ஆட்கள் மூலம் கைமாற்றி அனுப்பினேன். காணாது என்றார் ஆள் எடுப்பவர். பிறகு வன்னியிலிருந்து வெளியே வரப் பாதையே இல்லாமல் போயிற்று.

நான் கடலால் இந்த நாட்டுக்கு வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடந்தது வேறு கதை. அண்ணை ஊரிலிருந்து இப்போதும் போன் எடுப்பார். "பிள்ளை இப்ப கம்பஸ் முடிச்சிருப்பாளெல்லோ?" என்பார். தாயையும் மகளையும் அந்தச் சண்டைக்குப் பிறகு கண்டவர் ஒருவரும் இல்லை. "ஓம் அண்ணை" என்பேன்.

அந்த நாட்டுப் பவுணை இன்று எந்த வங்கியும் எடுக்காது. அறை நிறைய இருந்த சோப்பை நான் தனியே போட்டுக் குளித்தேன். கடைசிக் கட்டி கரைவதற்குள் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது.