தட்டுச் சத்தம் வராத வீடு

ஹைதராபாத்தில் குளிர் முதலில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் வரும். பாட்டிலுக்குள் அது வெள்ளையாக உறைந்து நிற்கும் காலையில் வெளியே போய்ப் பார்த்தால், ஏரிப் பக்கத்திலிருந்து பனி எழுந்து, அறுத்த நெல்வயல், எருமைகள் நிற்கும் கொட்டகை, எங்கள் லேஅவுட்டில் பாதியில் நிற்கும் வீடுகள் எல்லாவற்றையும் ஒரே நிறமாகக் கரைத்து வைத்திருக்கும். தூரத்தில் மௌலா அலி தர்கா மட்டும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி தெரியும். அதற்குக் கீழே மலை இருக்கிறது என்று நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த மலையையும் தாண்டி, நகரம் முடிந்து கிராமம் தொடங்கும் இடத்தில் நாங்கள் வீடு கட்டியிருந்தோம். எங்களுக்குப் பால் ஊற்றும் அண்ணன் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். கிராமம் முடிந்து நகரம் தொடங்கும் இடம் என்பார். எருமையும் டிராக்டரும் வயலும் உள்ளவர். முந்தின குளிர்காலத்தில் அவருடைய வைக்கோல்போர் எரிந்தது. குளிர் காய யாரோ மூட்டிய சருகுத் தீயிலிருந்து ஒரு பொறி. தீயணைப்பு வண்டி ரயில்வே கேட்டில் நின்று, ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தது. அதற்குள் போர் ஒரு கறுப்பு வட்டமாகியிருந்தது.

அந்த வட்டத்தைச் சுற்றி நின்றபோதுதான் எங்கள் தீப்படை பிறந்தது. கிராமத்தார் பாதி, லேஅவுட்காரர்கள் பாதி. டிராக்டரும் தண்ணீர் டேங்கரும் பால்கார அண்ணனுடையவை. ஒரு டீசல் பம்பு, நனைத்து அடிக்கக் கோணிச்சாக்குகள், வீட்டுக்கு ஒரு மணல் வாளி. சம்பளம் கிடையாது. சீருடை கிடையாது. விசில் உண்டு.

விசில் பக்கத்து வீட்டு கார்டு சாப்புடையது. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னை வண்டிகளில் போய் வந்து பழகியதால், பிளாட்பாரத்துத் தமிழ் ஒன்று அவரிடம் உண்டு. பதில் தட்டு என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பனி விலகியதும் அவர் தெருமுனையில் நின்று விசில் ஊதுவார். கேட்டவர்கள் அவரவர் ஜன்னலில் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்ட வேண்டும். எந்த வீட்டிலிருந்து சத்தம் வரவில்லையோ அந்த வீட்டுக்குப் படை போக வேண்டும்.

"நாங்க கொடி காட்டினா டிரைவர் எதிர்க்கொடி காட்டணும்மா. அது வர்லேன்னா வண்டி நக்கோ, கெளம்பாது," என்று சொன்னார்.

"ஜெயில்ல சாப்பாட்டுக்கு அடிக்கிற மாதிரில்லா இருக்கு," என்று என் கணவர் சிரித்தார்.

"ஹவ், ஆமா சார். ஆனா இந்த ஜெயில்ல சோறு நீங்கதான் ஆக்கணும்," என்றார் கார்டு சாப்.

எனக்கோ அந்த ஓசை பிடித்துப்போயிற்று. ஒரு விசில், அதன் பிறகு குளிருக்குள்ளிருந்து ஒவ்வொரு வீடாக விழித்து, டங், டங், டண் என்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு மரத்தின் எல்லாக் கிளைகளிலும் உலோகப் பறவைகள் வந்து உட்காருவது போல இருக்கும். என் வீட்டுத் தட்டுதான் பெரும்பாலும் முதலில் ஒலிக்கும்.

குளிர்காலத்தில் பெண்கள் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகவும் போவோம். வெந்நீருக்கு வாளியில் ராடைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்காராதீர்கள். ரூம் ஹீட்டருக்குப் பக்கத்தில் ரஜாய்ப் போர்வையை விடாதீர்கள். சிலிண்டர் டியூபை மாற்றினீர்களா? எனக்கு எல்லாம் மனப்பாடம். தீ என்றால் எங்களுக்குச் சுவாலை. தீ என்றால் எரிகிற எதையாவது கண்ணால் பார்ப்பது.

அந்தக் குளிர்காலத்தில் என் தங்கை நகரின் மறுகோடியில் உள்ள கொண்டாப்பூரிலிருந்து பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். ஐடி வேலைக்காரி. எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் அக்கா வீடே பிறந்த வீடு. பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற, வெதுவெதுப்பான, இன்னும் எந்த ஊருக்கும் சேராத ஓர் உயிர். திருநெல்வேலியில் எங்களுக்கு எப்படிச் செய்தார்களோ அப்படியே நான் அவளுக்குச் செய்தேன். குழந்தையைக் குளிப்பாட்டி, தணல் சட்டியில் சாம்பிராணி தூவி, அந்தப் புகையில் அவளைக் காட்டி எடுத்தேன். அதன் பிறகு சட்டியின் மேல் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, தங்கையின் ஈரக் கூந்தலை அதில் விரித்துப் போட்டேன். கரி, தெருக்கோடி இஸ்திரிக்காரரிடம் வாங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளிர் எலும்பில் ஏறியிருந்தது. என் கணவர் தொழிற்சாலையில் ஷிஃப்டில் இருந்தார்.

"யக்கா, ஜன்னல் எடுக்குல காத்து வருதுக்கா. புள்ளைக்கு மூக்கடைச்சிரும்."

"பொறுட்டி, பழைய சேலை ஒண்ணு கெடக்கு."

நீல நிறத்தில் மெலிந்துபோன பருத்திச் சேலை. நகரும் ஜன்னல் கதவின் இடுக்கில் அதை நீளத்துக்கும் திணித்தேன். மிச்சம் கொஞ்சம் வெளிப்பக்கம் தொங்கியது. சேலை நடுவில் வந்துவிட்டதால் ஜன்னலின் கொக்கி விழவில்லை. பரவாயில்லை என்று விட்டேன். அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"சட்டிய வெளிய வச்சிரவா?"

"இருக்கட்டும்க்கா. ரூமு எவ்வளவு எதமா இருக்கு பாரு. கொண்டாப்பூர்ல இருவத்திநாலு மணி நேரமும் ஏசி, இப்பத்தான் ஒடம்புக்கு உசுரு வந்த மாதிரி இருக்கு."

"ஒனக்கு இனிமே வீட்டுலயிருந்தே வேலைதான். மடியில ஒரு மேனேஜர் வந்தாச்சுல்லா."

"ராத்திரி பூரா மீட்டிங் போடுதா இந்த மேனேஜரு," என்றாள் தங்கை. இருவரும் சிரித்தோம். சிரிப்பு மெதுவாக இறங்கியது. தொட்டிலில் குழந்தை உறங்கிவிட்டிருந்தது.

பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்பது ஒரு கவனம். தணல் அறையில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கவனம். எங்கள் ஊர் ஓட்டு வீட்டில் இரண்டும் சேர்ந்து இருந்தன. ஓட்டுக்கு ஓடு இடைவெளி விட்ட கூரை யாரையும் கேட்காமல் புகையை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கூரையை நாங்கள் இங்கே கொண்டுவரவில்லை. மேலே கான்கிரீட், பக்கத்தில் அலுமினியம், இடுக்கில் என் சேலை.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? இனிமையாக இருந்தது. அதுதான் இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது. நெற்றிக்குள் லேசாக ஒரு பாரம். தூக்கமில்லாத இரவுகளின் பாக்கி என்று நினைத்தேன். தரையில் விரித்த ஜமுக்காளத்தில் சாய்ந்தேன். தணல் சாம்பலுக்கடியில் சிவப்பாக மூச்சுவிட்டது. சாம்பிராணி மணம் அறையைப் பஞ்சால் நிரப்பியது. தங்கையின் கூந்தல் கறுத்த ஆறாக ஓடியது, ஆற்றின் கரையில் தொட்டில் படகாக நின்றது, நான் அந்தப் படகைத் தள்ளிவிட வேண்டும், கையை எடுக்கத்தான் மனமில்லை. எங்கோ ஒரு ரயில் கூவியது. ஏதோ ஸ்டேஷனில் யாரையோ ஏற்றிக்கொண்டு போகிறது. போகட்டும். நாம் அடுத்த வண்டியில் போகலாம்.

அது ரயில் அல்ல, கார்டு சாப்பின் விசில். தெரு முழுக்கத் தட்டுகள் பதில் சொல்லியிருக்கின்றன. ஒரு வீடு சொல்லவில்லை. எப்போதும் முதலில் சொல்கிற வீடு.

"அம்மா! ஒங்க வீட்டு சவுண்டு ஏன் வர்லே?" என்று அவர் வாசலில் நின்று கத்தியதும், சமையலறை வழியாக அவர் மனைவி உள்ளே வந்து அறைக் கதவைத் தட்டியதும் பிறகு எனக்குச் சொல்லப்பட்டவை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று. ஜன்னல் இடுக்கிலிருந்து என் நீலச் சேலை வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரோ இழுக்க இழுக்க, வெளிச்சத்துக்குள், ஒரு நீளமான அமைதியான நீலம். எவ்வளவு அழகு என்று நினைத்தேன். அது போய் முடிந்த இடத்தில் ஜன்னல் கதவு சடாரென்று நகர்ந்தது. கம்பிகளுக்குப் பின்னால் பால்கார அண்ணனின் முகம்.

"அக்கா! ஓ அக்கா! லேவண்டி!"

எழுந்திருங்கள் என்கிறார். புரிகிறது. எழுந்திருப்பது வேறு யாருடைய வேலையோ போல இருந்தது. அவர் யோசிக்கவில்லை. பயிற்சிக்காக நிரப்பி வைத்திருந்த தண்ணீர் வாளியை எடுத்துக் கம்பி வழியாக வீசினார். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் படை முதன்முதலாகத் தண்ணீர் ஊற்றியது என் முகத்தில்தான்.

பனிக்கட்டி மாதிரி இருந்தது. தலை உடைந்து திறந்தது. முட்டியால் தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தேன். கார்டு சாப்பின் மனைவி என்னைத் தாண்டிப் பாய்ந்து, தொட்டில் துணியோடு சேர்த்துக் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். தங்கையை நானும் இன்னொரு பெண்ணும் இழுத்து வந்து முற்றத்து வெயிலில் கிடத்தினோம். அவள் உதட்டை அசைத்தாள். "புள்ள," என்றாள்.

குழந்தை அழவில்லை. முகம் ரோஜா நிறத்தில், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அழவில்லை. கார்டு சாப்பின் மனைவி பாதத்தைத் தேய்த்தார், கன்னத்தில் தட்டினார், "உட் பேட்டி, உட்," எழுந்திரு மகளே என்று உருதுவிலும் ஏதேதோ கடவுள் பெயர்களிலும் பேசிக்கொண்டே இருந்தார். தெருவே நின்றது. பிள்ளை பெற்றவள் கிடக்கிறாள் என்று ஆண்கள் கேட்டுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார்கள். டிராக்டர் எஞ்சினைக்கூட யாரோ அணைத்துவிட்டார்கள். பனி விலகிய வானம் கண் கூசும்படி நீலமாக இருந்தது, அந்தச் சேலையைப் போலவே.

பிறகு ஒரு தும்மல். சின்னது. அதைத் தொடர்ந்து, ஊரையே திட்டுவது போல ஓர் அழுகை.

முதுகைக் காட்டி நின்ற கார்டு சாப் திரும்பவில்லை. விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"சிக்னல் ஆ கயா," என்றார். சிக்னல் வந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கரி எரியும்போது வருகிற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, மூடிய அறையில் அது தூக்கத்தைத்தான் முதலில் தரும் என்று டாக்டர் சொன்னார். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்பதை என் தங்கை அவரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள்.

இப்போது குளிர்கால ரவுண்டில் நான் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறேன். சாம்பிராணி போடுங்கள், போட்டதும் சட்டியை வெளியே வையுங்கள் என்கிறேன். வெதுவெதுப்பான அறையில் தூக்கம் இனிக்கத் தொடங்கினால், எழுந்து ஒரு விரற்கடை திறந்து வைக்கிறேன். கத்தி போலக் குளிர் உள்ளே வரும். வரட்டும்.

அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தால் விசில் வரும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலில் ஏறி, ஊரே எழும்படி அடிக்கிறாள். கார்டு சாப் வீட்டிலிருந்து சத்தம் வரும்.

"அரே பேட்டி! நான் இன்னும் ஊதவே இல்லே!"

அவள் கேட்பதில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறாள்.