கடுகுத் தலையணைக்குள் பஞ்சாயுதம்

என் கணவர் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முப்பத்தோராம் நாள் கழுத்தில் பஞ்சாயுதம் கட்டுவார்கள். விரல்நுனி அளவான பொன் பதக்கம். அதில் சங்கு, சக்கரம், வில், வாள், கதை என்று ஐந்து ஆயுதங்கள் பொறித்திருக்கும். புதிதாகச் செய்வது அவர்கள் வழக்கமில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஒன்றேதான். என் கணவர் கட்டியது, அவருடைய தங்கை கட்டியது, பிறகு என் மகள் கட்டியது. கடைசியாகக் கட்டிய குழந்தையின் தாய் அதைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் யாழ்ப்பாணத்தவர்கள், நான் மாத்தளையில் பிறந்து வளர்ந்தவள். என்னை நம்பி அதைத் தந்திருக்கிறார்கள் என்பதில் பெருமையும் இருந்தது, அதைவிடப் பெரிய பயமும் இருந்தது.

எண்பத்து மூன்றில் தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கிய கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்கள் மூவரையும் ஐந்து நாட்கள் தன் பின்னறையில் வைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. ஆனாலும் அதன்பின் அந்தப் பதக்கத்தை ஓரிடத்தில் விட்டுவைக்க என்னால் முடியவில்லை. அலுமாரியில் வைத்தால், உடைப்பவர்கள் முதலில் அலுமாரியைத்தானே உடைப்பார்கள் என்று தோன்றும். அரிசிப் பானைக்கு மாற்றுவேன். யாரோ வீட்டில் அரிசியையும் அள்ளிப் போனார்களாம் என்று கேள்விப்பட்டதும் தேயிலை டின்னுக்கு. கடைசியில் மகளின் கடுகுத் தலையணையைப் பிரித்து, உள்ளே போட்டுத் தைத்தேன். குழந்தையின் தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகு நிரப்பித் தைக்கும் சின்னத் தலையணை அது. அதை யார் தூக்கிப் போவார்கள்? கணவரிடம் சொல்லவில்லை. யாராவது அதட்டிக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

அடுத்த வருடம், வில்கமுவவில் கட்டிக்கொடுத்திருந்த பக்கத்து வீட்டம்மாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அம்மா வேலியருகே வந்து கேட்டார்.

"உங்க மக தூங்கின தலையணையைத் தாங்களேன். நோய் இல்லாம வளர்ந்த பிள்ளை, அதுல படுத்தா என் பேரனும் அப்படி வளருவான்."

உறையைத் துவைத்துப் போட்டு, சந்தோஷமாகக் கொடுத்தேன். பதக்கத்தை முந்திய வாரமே தேயிலை டின்னுக்கு மாற்றிவிட்டதாக நிச்சயமாக நம்பியிருந்தேன். மாற்ற வேண்டும் என்று நினைத்ததுதான் உண்மை. மாற்றவில்லை.

அது எனக்குத் தெரியவந்தது இரண்டு மாதம் கழித்து. இரத்தோட்டையில் ஆசிரியையாக இருந்த கணவரின் தங்கைக்கு, என் மச்சாளுக்கு, மகன் பிறந்திருந்தான். பார்க்கப் போன இடத்தில் மச்சாள் சொன்னாள்:

"பஞ்சாயுதத்தை மினுக்கி வையுங்கோ மச்சாள். வாற புதன் முப்பத்தொண்டு."

வீட்டுக்கு வந்து தேயிலை டின்னைப் பேப்பரில் கவிழ்த்தேன். தேயிலைதான் இருந்தது. அரிசிப் பானை, அலுமாரி, சாமிப் படத்தின் பின்புறம் எல்லாம் தேடி முடித்து உட்கார்ந்தபோதுதான் தலையணை நினைவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டம்மாவிடம் எப்படிச் சொல்வது? எங்கள் உயிரைக் காத்தவர். அவரிடம் போய், உங்கள் மகள் வீட்டில் எங்கள் பொன் இருக்கிறது என்றால் அது சந்தேகப்படுவது போலாகாதா? சொல்லாமல் விட்டால் புதன்கிழமை மச்சாளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, குழந்தையைப் பார்க்க வில்கமுவவுக்குப் போவதாக மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

அவர் ஒரு மாதிரிச் சிரித்தார். "போயிட்டு வாங்க. அவளுக்கும் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம்."

அது என்னை இன்னும் கலக்கியது.

"வில்கமுவவுக்கோ?" என்றார் கணவர். "சந்தைக்குத் தனியப் போகவே பத்துத் தரம் யோசிப்பீர்."

மகளையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். இறங்கிய இடத்திலிருந்து ஒரு டிரக்டர்காரர் வயல் ஓரமாக ஏற்றிச்சென்று விட்டார். அம்மாவின் மகளை நான் நங்கி, அதாவது சிங்களத்தில் தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவேன். குழந்தையைக் கைகளில் ஏந்திக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தாள். குழந்தையின் கழுத்தில், வெள்ளை நூலில், எங்கள் பஞ்சாயுதம் தொங்கியது.

"அக்கே, ஒளிச்சு வச்சு அனுப்பினா கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தாள். "கடுகு ஈரம் பட்டுப் போச்சு, காயவைக்கப் பிரிச்சேன். பாயில விழுந்துச்சு. எங்க பிள்ளைகளுக்கும் இதைத்தானே கட்டுவோம்! அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். 'அவங்க குடுத்ததை வெளிய சொல்ல மாட்டாங்க, நேர்ல வந்தா நன்றி சொல்லு'ன்னு எழுதினாங்க."

சோறு போட்டாள், சாப்பிட்டேன். குழந்தையை மடியில் வைத்திருந்தேன். அவன் மூச்சு விடும்போதெல்லாம் பதக்கம் ஏறி இறங்கியது. இருக்கட்டும், தொலைந்துவிட்டது என்று மச்சாளிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம். மச்சாளின் குழந்தைக்குக் கட்ட வேண்டியதை இன்னொருவருக்கு நான் யார் தானம் செய்ய என்று மறு கணம். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும், தேயிலை டின் உட்பட, சொல்லிவிட்டேன்.

"அப்ப இது பரிசு இல்லையா?"

"இல்ல நங்கி. மன்னிச்சிரு."

அவள் முகம் சிவந்தது. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"நல்ல காலம் அக்கே! இவ்வளவு பெரிய பரிசுக்குப் பதிலா என்ன குடுக்கிறதுன்னு ரெண்டு கிழமையா வீட்ல ஒரே சண்டை. எங்க ஆள் கன்னுக்குட்டியைக் குடுப்போம்ங்கிறார். அதை மாத்தளை பஸ்ல யார் ஏத்துறது?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். என் மகள், "கன்னுக்குட்டி எங்கம்மா?" என்று கேட்டு அழத் தொடங்கினாள்.

நங்கி குழந்தையின் தலைவழியாக நூலோடு கழற்றி என் கையில் வைத்தாள். "நூலை மட்டும் வெட்டிப் போட்டுராதீங்க. பன்சலையில பிக்கு பிரித் மந்திரம் ஓதிக் கட்டினது." வெறுமையாகிவிட்ட அந்தக் கழுத்தைப் பார்க்க மனம் கேட்கவில்லை. என் மகளின் காப்பைக் கழற்றப் போனேன். நங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். மறுபடியும் கன்னுக்குட்டிச் சண்டை வந்துரும். அறுவடை முடிஞ்சதும் இவனுக்குன்னு ஒண்ணு வாங்குறோம்."

பஸ்ஸில் வரும்போது அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. வெள்ளை நூலைக் கழற்றிவிட்டுக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா? கழற்றினால் நங்கிக்குத் துரோகம். கழற்றாவிட்டால், அந்த நாட்களில், சண்டை நடக்கும் வடக்கிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அழுதுகொண்டு படிக்கும் மச்சாள், சிங்களவர் கட்டிய நூலைப் பார்த்து என்ன நினைப்பாள்? புதன்கிழமை நூலோடுதான் எடுத்துப் போனேன்.

மச்சாள் புதுக் கறுப்பு நூலோடு காத்திருந்தாள். வெள்ளை நூலைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒளித்தது, மாற்றியது, மறந்தது, கொடுத்தது, அந்தக் குழந்தையின் கழுத்திலிருந்து வாங்கி வந்தது. கணவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

மச்சாள் நூலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தினை மாதம்?"

"மூணு."

"கழட்டேக்கை அழுதவனோ?"

"இல்ல. தூங்கிட்டிருந்தான்."

கறுப்பு நூலை வெள்ளை நூலோடு சேர்த்து முறுக்கினாள். முறுக்கியதை மகனின் கழுத்தில் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவன் வளர்ந்த பிறகு திரும்பவும் உங்களிட்டத்தான் தருவன் மச்சாள். ஆனா இடம் மாத்தேக்கை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு மாத்துங்கோ."

கணவர்தான் முதலில் சிரித்தார். குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதான். நான் அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.