பலகையில் ஒரு கை

நான் மஞ்சக்குப்பத்தில் போர்டு எழுதும் கடை வைத்திருந்தேன். மைதானத்தருகே கைரேகை பார்க்கும் ஒல்லியான பெரியவர் ஒருவர், வெளிறிப்போன தன் பலகையைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தார். அதில் ரேகைகளோடு ஒரு பெண்ணின் உள்ளங்கை இருந்தது. அழிந்திருந்த ஆயுள் ரேகையை அவரே பென்சிலால் மணிக்கட்டுவரை இழுத்துக் காட்டினார்.

“இவ்ளோ நீளமா?” என்றேன்.

“என் வீட்டுக்காரி கை. இப்படித்தான் இருந்துச்சு.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“சுனாமியில பூட்டா.”

“அப்ப ரேகை பொய்தானங்க?”

“பொய்தான். ஆனா கை அவளுதாச்சே. கொறைக்காம போடுங்க.”

பெயிண்ட் காயும்வரை பலகையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாருக்காவது தீர்க்காயுசு சொல்லிக்கொண்டிருப்பார். நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. சொல்லி முடித்த பிறகும் வந்தவர் கையை அவர் உடனே விடமாட்டார்.