எந்தத் தோள் திட்டுது?

நான் ஊர்சுற்றக் கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை. பேருந்து நிறுத்தத்துக்குப் போக, கேமராக்காரர் கடையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. எதிர்ப்பக்கமாக விறுவிறுவென்று நடந்தேன். அப்படியும் பார்த்துவிட்டார். சாலையைக் கடந்து ஓடிவந்து, லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணி ஒன்றை என் கையில் திணித்தார்.

“என்ன ஊர்சுத்தி, கடைசியில கேமரா இல்லாமலா போறே?”

“ஃபோனே போதும்ணே.”

“சரி, அதையாவது துடைச்சுட்டு எடு.”

என் முதுகுப் பையில், துண்டுக்கு அடியில், வேறு கடையில் வாங்கிய ஃபுல் ஃப்ரேம் கேமரா இருந்தது.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். பாதிக் கடை அவருடையது. மறுபாதியில் அண்ணி ஜெராக்ஸ் எடுப்பார். கேமரா வாங்க வருபவர்களின் வலது தோளில் ஒன்றையும் இடது தோளில் ஒன்றையும் மாட்டிவிட்டு, தெருமுனை வரை மூன்று முறை நடந்துவரச் சொல்வார். திரும்பியதும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தத் தோள் திட்டுது? இவரு கேமரா விக்கிறாரா, வைத்தியம் பாக்குறாரா என்று அண்ணி முணுமுணுப்பார்.

கிளம்புவதற்கு முன் நானும் நான்கு மாலைகள் அப்படி நடந்தேன். மிரர்லெஸ்ஸா, ஃபுல் ஃப்ரேமா என்று கேட்டதற்குச் சிரித்தார். உள்ளே கண்ணாடி உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வி, படம் பதிகிற சென்சார் பெரிதா சிறிதா என்பது வேறு கேள்வி, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார். மாதக்கணக்கில் சுற்றப்போகிறவளுக்குச் சின்ன சென்சார் மிரர்லெஸ் போதும் என்று ஒன்றை எடுத்து, பெட்டிமேல் ‘ஊர்சுத்திக்கு’ என்று எழுதி இழுப்பறையில் வைத்தார். நானும் தலையாட்டினேன்.

ஆனால் கழுத்தில் பெரிதாக ஒன்று தொங்கினால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம். கண்ணாடி வைத்த கனத்த ஃபுல் ஃப்ரேமை வாங்கினேன். தொலைந்தால் கிடைக்கட்டும் என்று அதன் வாரில் வீட்டு ஃபோன் எண்ணை எழுதி ஓர் அட்டையும் கட்டினேன். அவருக்காகச் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான். பெட்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை.

இரண்டாவது மாதமே அதை விடுதி அலமாரியில் பூட்டிவிட்டு ஃபோனோடு மட்டும் வெளியே போக ஆரம்பித்தேன். நான்காவது மாதம் ஒருநாள் வெளியே எடுத்தபோது உள்ளிருக்கும் கண்ணாடி மேலே போய் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. வேறு யாரைக் கேட்பது? தோழியின் கேமரா என்று சொல்லி, படமெடுத்து அவருக்கே அனுப்பினேன். கடையில் ஆட்களை நிற்கவைத்துவிட்டு, அரைமணி நேரம் குரல் பதிவுகளாக அனுப்பிக்கொண்டே இருந்தார். பேட்டரியைக் கழற்று, பொறு, மறுபடி மாட்டு, கண்ணாடியில் மட்டும் விரல் படவே கூடாது. கண்ணாடி இறங்கியது. தோழி நன்றி சொல்லச் சொன்னாள் என்று கூசாமல் பதில் போட்டேன். சின்ன கேமராவைப் பற்றி அப்போதும் பேசவில்லை.

திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. பின்தெரு வழியாகவே சுற்றிப் போகிறேன். ஏதாவது ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னால் அம்மாமேல் எரிந்து விழுகிறேன். நேற்று மதியம் ஃபோனில் ஒரு செய்தி வந்தது.

“நீ வந்துட்டேன்னு அம்மா சொன்னாங்க. அந்தக் கண்ணாடி திரும்பவும் மாட்டிக்கும், கொண்டா, சரி பண்ணித் தரேன். அன்னிக்கு நீ அனுப்புன படத்துலயே வாருல உங்க வீட்டு நம்பர் தொங்குச்சு. பரவாயில்ல, தோள் எப்படியிருக்கு? ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா. இழுப்பறையில இருக்கறத ஒருத்தர் கேக்குறாரு. குடுத்துடட்டுமா?”